கம்பியில் கிடைத்த இடம்: தேசிய விளையாட்டு அலைவரிசைகளில் தமிழ், 1998–2024

தூர்தர்ஷனின் டிடி ஸ்போர்ட்ஸ் 1998 மார்ச் 18 அன்று தொடங்கியது. தமிழிலேயே பேசும் தனி விளையாட்டு அலைவரிசையாக ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் வந்ததோ 2017 மே 28 அன்றுதான். இடையில் 19 ஆண்டுகள். இந்தத் தாமதத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: விளையாட்டைத் தமிழில் விவரிக்க ஆளில்லை, தமிழில் கேட்க ரசிகர்கள் இல்லை. இரண்டும் சான்றுகளோடு பொருந்தவில்லை. தொலைக்காட்சியில் தமிழ் வர்ணனையைப் பிடித்து வைத்திருந்தது மொழியின் போதாமை அல்ல, கேபிள் கம்பியில் நிலவிய இட நெருக்கடி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஆளின் கேள்வி. சென்னை வானொலி நிலையம் 1980களிலேயே கிரிக்கெட்டுக்குத் தமிழில் நேர்முக வர்ணனை அளித்து வந்தது. வர்ணனையாளர் அப்துல் ஜப்பாரின் குரலுக்கென்றே வானொலியைத் திறந்தவர்கள் இருந்தார்கள். படத்துக்குத் தூர்தர்ஷன், ஒலிக்கு ஆகாசவாணி என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. ஆகவே சொல்வளம், பேசுவோர், கேட்போர் மூன்றும் டிடி ஸ்போர்ட்ஸ் பிறப்பதற்கு முன்பே இங்கே தயாராக இருந்தன. அவற்றைத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு விடை கேபிள்காரரின் அறையில் இருக்கிறது. அனலாக் கேபிளில் ஓர் அலைவரிசைக்கு ஓர் இடம். ஒரே ஆட்டத்தை இன்னொரு மொழியில் தருவதென்றால் இன்னோர் இடம் வேண்டும். படங்களும் தொடர்களும் வரிசைகட்டி நின்ற கம்பியில் அந்த இடத்தை எந்த ஆபரேட்டர் கொடுப்பார்? சிவகாசியை அடுத்த வெம்பக்கோட்டை வட்டாரத்துத் தாயில்பட்டி போன்ற ஊர்களில், பட்டாசு ஆலையின் கூலியை நம்பிய வீடு கேபிளுக்குக் கொடுக்கக்கூடிய தொகைக்கும் எல்லை உண்டு. 2007இல் அமைக்கப்பட்டு 2011இல் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தோடு உயிர்பெற்ற அரசு கேபிள் டிவி நிறுவனம் இந்தச் சந்தையைத்தான் பிடித்தது. ஆனால் அதற்கும் டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. செட்டாப் பாக்ஸ் வழியாக, ஒரே இடத்தில் பல அலைவரிசைகளைச் செலுத்தும் வாய்ப்பு மாநிலம் முழுவதும் திறக்கத் தொடங்கியது. அடுத்த மாதமே ஸ்டாரின் தமிழ் அலைவரிசை தொடங்கியது.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். டிடிஎச் பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டதே, அங்கே இடமிருந்ததே என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வி வலுவானது. ஆனால் விளம்பரதாரரிடம் தமிழ்நாட்டை விற்கப் போகும் நிறுவனம், பெரும்பகுதி வீடுகள் இருக்கும் கேபிளை விட்டுவிட்டுக் கூரைமேல் தட்டு வைத்த வீடுகளை மட்டும் காட்ட முடியாது. டிஜிட்டல் கேபிளே தனிக் காரணம் என்று நான் வாதிடவில்லை. அது இல்லாமல் மற்றவை பலித்திருக்காது என்கிறேன். மற்றவையும் அந்த ஆண்டில் கூடிவந்தன: ஜூன் 1 அன்று சாம்பியன்ஸ் டிராபி, ஜூலையில் தமிழ்நாடு பிரீமியர் லீகின் (டிஎன்பிஎல்) இரண்டாம் பருவம், அதே மாதம் புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் அணியின் அறிமுகம். ஐபிஎல் உரிமையை 16,347.5 கோடி ரூபாய்க்கு ஸ்டார் வாங்கியது செப்டம்பரில்; எனவே ஐபிஎல்தான் தமிழ் அலைவரிசையைப் பெற்றெடுத்தது என்ற பேச்சு காலவரிசைக்கே முரணானது.

பொது ஒளிபரப்பின் கதை நேர்மாறாகச் சென்றது. 1993 ஹீரோ கோப்பை வழக்கில், அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. முக்கிய ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆனால் அப்படிப் பகிரப்படும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழிக் கோபுரங்களுக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டுமே உரியது, கேபிளுக்கு அல்ல என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. கேபிள் வைத்த வீட்டுக்குத் தமிழ் வந்த அதே ஆண்டில் இலவசம் போயிற்று. இந்த இழப்பைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

மொழி வந்தால் வட்டாரமும் வந்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. நத்தத்துக்கும் திருநெல்வேலி சங்கர் நகருக்கும் டிஎன்பிஎல் ஆட்டங்களுக்காக ஸ்டாரின் கேமராக்கள் வந்தது உண்மை. அவை வந்தது ஒரு கிரிக்கெட் சங்கமும் விளம்பரதாரர்களும் லீக் நடத்தியதால். ஊர்த் திடலின் கபடியையும் வாலிபாலையும் தேடி அல்ல. 2015 உலகக் கோப்பைக்கு ஸ்டார் எடுத்த ‘மௌக்கா’ விளம்பரத்தில், பாகிஸ்தான் ரசிகர் ஒருவர் வெற்றிக்கு வெடிக்க வாங்கிய பட்டாசோடு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். பட்டாசுக்குப் பேர்போன சிவகாசிப் பகுதிக்குத் தேசிய விளையாட்டு அலைவரிசையில் கிடைத்த நினைவூட்டல் ஏறக்குறைய அவ்வளவே. 2021இல் சோனி டென் 4 தமிழிலும் தெலுங்கிலும் பேசத் தொடங்கியபோதும் மாறியது ஒலிதான், ஆடுகளம் அல்ல.

சந்தை இந்த வட்டாரக் குறையைச் சரிசெய்யும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை; அதன் கணக்கு வேறு. எஞ்சுவது பொது ஒளிபரப்பு. 2024 ஜனவரி 19 அன்று சென்னையில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளின் தொடக்க விழாவில்தான் தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையான பொதிகை, டிடி தமிழ் என்ற புதிய பெயரோடு அறிமுகமானது. டிடி ஸ்போர்ட்ஸும் டிடி தமிழும் ஒரே பிரசார் பாரதியின் கையில் உள்ளன. மாவட்ட அளவிலான இறுதிப் போட்டிகளையாவது தமிழ் வர்ணனையோடு காட்ட வேண்டிய கடமை அந்த நிறுவனத்துடையது.