இறங்க மாட்டேன்: காத்திவாக்கம் தொழில்பகுதியில் வேலை மறுப்பின் வரலாறு

கூலிக்கு ஒப்புக்கொண்டவர் ஏவிய வேலையைச் செய்ய மறுத்தால் அது என்னவாகும்? சென்னையில் காலத்துக்குக் காலம் இதற்கு விடை மாறியிருக்கிறது. 1859இல் அது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். 1946க்குப் பின் ஆலைக்குள் விசாரிக்கப்படும் ஒழுங்கீனம். 1987க்குப் பின், உயிருக்கு ஆபத்து என்றால், அதை முறைப்படி எடுத்துச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு வந்தது. சொல்லிவிட்டு வேலையிலிருந்து விலகி நிற்கலாமா என்பதற்கு மட்டும் சட்டம் இன்னும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. ஆபத்தான தொழில்கள் நெருங்கி அமைந்த காத்திவாக்கம் போன்ற ஊரில் இந்தக் கேள்வி அன்றாடப் பிழைப்போடு சேர்ந்தது.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய காத்திவாக்கத்தில் முதலில் இருந்தவை மீன்பிடிப்பும் உப்பளமும். 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பாகங்களை இணைத்துக் கார்களை உருவாக்கும் ஆலையை அமைத்தது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. பின்னர் வார்ப்பு ஆலையும் உர ஆலையும் வந்தன. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கி, 450 மெகாவாட் அளவுக்கு வளர்ந்து, 2017இல் மூடப்பட்டது. முகத்துவாரத்துக்கு வடக்கே 2001இல் துறைமுகம் திறக்கப்பட்டது. தனி நகராட்சியாக இருந்த காத்திவாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. உருக்கிய இரும்பு, நிலக்கரிச் சாம்பல், அம்மோனியா என வேலைக்கு வேலை ஆபத்தும் வேறுபட்டது.

ஆலைகளுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களை முதன்மையாகக் கருதி இயற்றப்பட்டது. முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ தகுந்த காரணமின்றி வேலை செய்யாவிட்டால், பணத்தைத் திருப்பித் தரும்படியோ ஒப்பந்தப்படி வேலை செய்யும்படியோ நீதிபதி ஆணையிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. கூலி தராத முதலாளிக்கு இந்தச் சட்டத்தில் இணையான தண்டனை இல்லை. 1925இல் இயற்றிய சட்டத்தின் மூலம்தான் இது நீக்கப்பட்டது.

அதற்குள் வடசென்னையில் தனியாள் மறுப்பு கூட்டு மறுப்பாக மாறியிருந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முன்னணியில் நின்றனர். பக்கிங்காம் கர்நாடிக் மில்லை நடத்திய பின்னி நிறுவனம், தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று வாடியா மீது வழக்குப் போட்டு, 1920இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. இந்த வழக்கு கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக வந்ததே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். தொழில் தகராறில் ஒருவரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பதை மட்டும் காரணமாக வைத்துப் பதிவு பெற்ற சங்கத்தின் மீது உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது என அதன் 18ஆம் பிரிவு கூறியது. இடையில் 1921ஆம் ஆண்டின் மில் வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூட்டையும், வேலைக்குச் சென்ற ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் மூண்ட கலவரத்தையும் கண்டது. சேர்ந்து மறுப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு இவ்வாறு உருவானது. தனியாகத் தன் உயிருக்கு அஞ்சி மறுப்பவருக்கு அதில் எதுவும் இல்லை.

அந்தத் தனியாளின் நிலையைத் தீர்மானித்தது 1946ஆம் ஆண்டின் தொழில் வேலை நிலையாணைச் சட்டம். அதன் மாதிரி நிலையாணைகள், மேலாளரின் சட்டப்படியான, நியாயமான உத்தரவுக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமையை ஒழுங்கீனம் என்றன. மறுத்தவருக்கு மெமோ, சார்ஜ் ஷீட், உள்விசாரணை, கடைசியில் பணிநீக்கம் வரை நடவடிக்கை போகலாம். ஆனால் அந்த வாசகத்திலேயே தொழிலாளிக்கு ஒரு வழியும் இருந்தது. உத்தரவு சட்டத்துக்குப் புறம்பானது என்றாலோ நியாயமற்றது என்றாலோ, அதற்குக் கீழ்ப்படியாதது ஒழுங்கீனம் ஆகாது. 1971இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்ந்த 11அ பிரிவு, பணிநீக்கத்தை மறுஆய்வு செய்து தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தந்தது.

இதை ஒரு கற்பனை நிகழ்வில் பொருத்திப் பார்க்கலாம். ஓர் ஆலையில் காலியாகக் கிடக்கும் ரசாயனத் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும்படி மேற்பார்வையாளர் சொல்கிறார்; தொழிலாளி மறுக்கிறார். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் போன்றவற்றுக்குள் எவரையும் இறங்கச் சொல்வதையே கட்டுப்படுத்தியது. உள்ளே வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும். அல்லது இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்திருக்க, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். சான்றும் இல்லை, கருவியும் இல்லை என்றால் உத்தரவே சட்டவிரோதம். அந்தத் தொழிலாளியின் மறுப்பு நியாயமானது. எல்லாம் முறையாக இருந்தும், முன்னறிவிப்பின்றி, காரணம் சொல்லாமல் மறுத்தால் நிலையாணை அவர் மீது பாயும். எழுத்தில் சான்று கேட்பதே அவருக்குள்ள முதல் காப்பு.

1984 டிசம்பர் போபால் பேரழிவுக்குப் பின் தொழிற்சாலைச் சட்டம் 1987இல் திருத்தப்பட்டது. புதிய 41எச் பிரிவின்படி, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தொழிலாளர்கள் அதை நிர்வாகத்துக்கும் அதே வேளையில் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். ஆபத்து உண்டு என்று ஏற்றால் நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். ஏற்காவிட்டால் ஆய்வாளரிடம் அனுப்ப வேண்டும். அவர் முடிவே இறுதி. ஆய்வாளர் வந்து சேரும் வரை தொழிலாளி வேலையில் இருக்க வேண்டுமா, விலகி நிற்கலாமா என்பதைப் பிரிவு சொல்லவில்லை. நச்சு வாயு கசியும் இடத்தில் அந்த இடைவெளிதான் உயிரைத் தீர்மானிக்கும்.

பிற நாடுகள் இந்த இடைவெளியை அடைத்தன. கனடாவின் சஸ்காட்சவான் மாகாணம் 1970களின் தொடக்கத்திலேயே மறுக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உயரத்தில் கட்டிய கம்பிவலை மீது நடந்த ஒருவர் 1974இல் விழுந்து இறந்தார். சில நாளில் அதே வலை மீது ஏற மறுத்த இருவரை நிறுவனம் ஊதியமின்றி வீட்டுக்கு அனுப்பியது. அவ்வாறு மறுப்பவரைத் தண்டிக்கக் கூடாது என்ற அரசு விதி செல்லும் என்று 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை (1981), கடும் ஆபத்து உடனே நேரும் என்று தக்க காரணத்துடன் நம்பி விலகியவருக்குப் பாதுகாப்பு தரச் சொல்கிறது. 2022இல் அது அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டபோது இந்தியா அதை ஏற்புறுதி செய்திருக்கவில்லை.

இந்தியச் சட்டம் தெளிவாக நிற்கும் இடம், வேலையையே தடைசெய்த இடம். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடுகளின்றிச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதைத் தடுக்கிறது. ஆகவே அந்த ஏற்பாடுகள் இல்லாதபோது இறங்க மறுப்பவர் எந்தச் சட்டப்படியான உத்தரவையும் மீறுவதில்லை. எனினும் அவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளிக்குச் சார்ஜ் ஷீட்டாவது வரும்; இவருக்கு மறுநாள் கேட் பாஸ் இருக்காது, அவ்வளவுதான். மறுப்பு நியாயமா என்ற கேள்வி விசாரணைக்கே வராமல் மேஸ்திரியோடு முடிந்துவிடும்.

சங்க பலம் உள்ள இடத்தில் அந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. 2021 மே மாதக் கொரோனா அலையில் கார் ஆலைகள் இயங்க அரசு அனுமதி தந்திருந்தது. தனிமனித இடைவெளி காக்கப்படவில்லை என்று ஒரகடம் ரெனோ நிசான் ஆலைத் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. வேலைக்கு வர மாட்டோம் என்றும் அறிவித்தது. அந்த ஆலை சில நாள் மூடப்பட்டது. அதே வாரம் ஹுண்டாய் தொழிலாளர்கள் உள்ளிருப்புப் போராட்டத்தில் இறங்க, அங்கும் உற்பத்தி நின்றது.

சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதைக் காத்திவாக்கம் சுற்றுவட்டாரம் 2023 டிசம்பரில் கண்டது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் படகேறி, நாட்கூலிக்கு வாளியாலும் குவளையாலும் அதை அள்ளினர். தொடக்கத்தில் பலருக்கு முறையான கையுறையோ முகக்கவசமோ இல்லை. அவர்கள் தொழிற்சாலைச் சட்டம் சொல்லும் தொழிலாளர்கள் அல்லர். வலைவீச முடியாமல் வருமானம் இழந்தவர்களுக்கு அந்த நாட்கூலியை மறுப்பது எளிதுமல்ல. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம் பகுதி மக்கள் மூச்சுத்திணறலுடன் வீட்டைவிட்டு ஓடினர். ஆலையில் வேலை செய்யாதவருக்கும் அந்த ஆபத்தில் பங்கு இருந்தது.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 41எச் பிரிவின் ஏற்பாட்டை ஏறக்குறைய அப்படியே தன் 14ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே ஒரு மறுப்பு நியாயமா என்பதை நான்கு கேள்விகளால்தான் இன்றும் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது: உத்தரவு சட்டப்படியானதா, அச்சத்துக்கு நியாயமான காரணம் உண்டா, ஆபத்து உடனடியானதா, தொழிலாளி அதை நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் சொன்னாரா. இவற்றுக்கு விடை சாதகமாக இருந்தாலும், அதை நிரூபிக்கும் சுமையும் அதுவரை இழக்கும் கூலியும் பெரும்பாலும் மறுத்தவரையே சேர்கின்றன.