தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்த பாட்டு வாத்தியார்



தவணை முடிகிற நேரம் எந்தப் பாடசாலையின் ஆசிரியர் அறைக்குப் போனாலும் ரெண்டு பேருக்காவது குரல் அடைத்திருக்கும். பக்கத்து வகுப்புச் சத்தத்துக்கு மேலால் கத்திப் படிப்பிக்கிற எங்களுக்குக் கரகரப்பு ஒரு தொழில் நோய். கொத்தமல்லி அவித்துக் குடிப்போம், தேன் நக்குவோம், சரிவராவிட்டால் ஈ.என்.டி கிளினிக்கில் நம்பர் எடுப்போம். அங்கே வைத்தியர் நீளக் காம்புள்ள சின்ன வட்டக் கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் விட்டுப் பார்ப்பார். இப்போது கமெரா வந்துவிட்டது, ஆனாலும் அந்தக் கண்ணாடி இன்னும் ஒழியவில்லை.

ஒருவர் பாடும்போது உள்ளே குரல்நாண் எப்படி அசைகிறது என்று கண்ணாடி வைத்துத் தெளிவாகப் பார்த்து, அதை அறிஞர் சபைக்கு எழுதிச் சொன்னவர் வைத்தியர் இல்லை. அவர் ஒரு பாட்டு வாத்தியார். ஒபேராவில் மிக உயரத்திலும் மிக வேகத்திலும் பாடும் பெண்களைப் பழக்கிய மனுவேல் கார்சியா. இசை பற்றி எங்களுக்குள் பல கருத்து இருக்கிறது, அந்த விவாதத்தை இங்கே திறக்கவில்லை. இது தொண்டையின் வரலாறு. தொண்டை எல்லாருக்கும் இருக்கிறது.

முதலில் அந்தப் பாட்டு எப்படிப்பட்டது என்று விளங்க வேண்டும். ஒபேரா என்பது பாட்டாலேயே நடக்கும் நாடகம். மைக் இல்லை. முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். பெண் குரல்களில் ஆக உயர்ந்தது சொப்ரானோ. அதிலும் ஒரு சிறப்பு வகை கொலரத்தூரா சொப்ரானோ. ஒரே எழுத்தை இழுத்து அதில் பத்து இருபது சுரங்களை உருட்டுவது, பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை மாறி மாறி நடுங்க விடுவது, உச்சியில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகக் கொத்தி எடுப்பது என்று குரலால் பூவேலை செய்கிறவர்கள். நடுங்க விடுவதற்கு 'திரில்' என்று பெயர். பாட்டின் முடிவில் வாத்தியங்கள் எல்லாம் நின்று பாடகியைத் தனியே விட்டுவிடும் இடத்துக்கு 'கடென்சா' என்று பெயர். இந்த இரண்டு சொல்லையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்டில் அதிகம் சுற்றுவது மொஸார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' ஒபேராவில் இரவு ராணி பாடும் பாட்டு. 1791 செப்டம்பர் 30ஆம் திகதி வியன்னாவில் முதல் தடவை மேடையேறியது. ராணியாக நடித்தவர் ஜொசஃபா ஹோஃபர், மொஸார்ட்டின் மனைவிக்கு மூத்த சகோதரி. மச்சியின் தொண்டை எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துதான் மொஸார்ட் எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டின் உச்சச் சுரத்துக்கு இன்றைய கணக்கில் குரல்நாண் செக்கனுக்கு ஏறத்தாழ 1,400 தடவை திறந்து மூட வேண்டும். சாதாரணமாகக் கதைக்கும் ஒரு பெண்ணின் குரல்நாண் இருநூறு தடவை சுற்றுவட்டத்தில்தான் அசையும். அந்த உயரத்தில் 'ஆ'வும் 'ஈ'யும் ஒரே மாதிரித்தான் கேட்கும், சொல் விளங்காது. எங்களுக்கு மட்டும் விளங்கவில்லையோ என்று கவலைப்படத் தேவையில்லை, ஜெர்மன்காரருக்கும் அப்படித்தான்.

ஜொசஃபாவுக்கு மொஸார்ட் ஒவ்வொரு சுரத்தையும் எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்தக் காலத்தில் எல்லா அலங்காரமும் அப்படித் தாளில் இருக்கவில்லை. இசையமைப்பாளர் எலும்புக்கூட்டைக் கொடுப்பார், சதையும் நகையும் பாடுகிறவரின் பொறுப்பு. ஒரே பகுதியை இரண்டாம் முறை பாடும்போது அலங்காரம் போடாமல் விட்டால் அது குறையாகவே பார்க்கப்பட்டது. இதனால் சண்டையும் வந்தது. ரொஸ்ஸினியின் வீட்டில் இளம் பாடகி அடெலினா பத்தி அவருடைய பாட்டையே ஏகப்பட்ட அலங்காரத்துடன் பாடி முடிக்க, இது யார் எழுதிய பாட்டு என்று ரொஸ்ஸினி கேட்டாராம். சென்-சான்ஸ் என்ற இசையமைப்பாளர் எழுதி வைத்த கதை இது.

பத்தி பாடிய அந்தப் பாட்டு ரொஸ்ஸினியின் 'செவில் நகர நாவிதன்' ஒபேராவில் வருவது. 1816இல் ரோமில் அது முதலில் மேடையேறியபோது கதாநாயகனாகப் பாடியவர் ஸ்பானியர் ஒருவர், எங்கள் வாத்தியாரின் தகப்பன். அவர் பெயரும் மனுவேல் கார்சியாதான்.

தகப்பன் சரியான கண்டிப்பானவர். குடும்பம் முழுவதையும் பாட வைத்தார். 1825இல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு நியூயோர்க் போய் இதே ஒபேராவைப் போட்டார். இருபது வயது மகனுக்கு நாவிதன் வேடம், பதினேழு வயது மகள் மரியாவுக்குக் கதாநாயகி வேடம். மரியா பின்னால் மாலிப்ரான் என்ற பெயரில் ஐரோப்பாவையே கலக்கி, 28 வயதில் இறந்துபோனார். மகனுக்கு அந்த அதிர்ஷ்டம் அமையவில்லை. தயாராகும் முன்பே மேடையில் ஏற்றி உழைப்பித்ததில் குரல் கெட்டுவிட்டது. 25 வயதாகும்போது அவரது மேடை வாழ்க்கை முடிந்தது.

தொழில் போன அந்த இளைஞர் செய்ததுதான் எங்களை யோசிக்க வைக்கிறது. இராணுவ ஆஸ்பத்திரிகளில் வேலைக்குப் போய்க் குரல்வளையின் அமைப்பைப் படித்தார். தன்னுடைய குரல் எங்கே உடைந்தது என்று அவர் தேடியிருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம். பிறகு பாரிஸில் பாட்டுப் படிப்பித்தார். 1840இல் மனிதக் குரல் பற்றி பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு ஓர் ஆய்வுரை கொடுத்தார். பெரிய பாடநூல் ஒன்றும் எழுதினார். உருட்டுகளை மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொரு சுரமும் தெளிந்த பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது அவர் முறை. ஓதலை முறையாகப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. மூச்சைச் செலவழிக்கத் தெரியாதவன் வேகத்தைத் தொடக்கூடாது.

1841இல் சுவீடனிலிருந்து இருபது வயதுப் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். பெயர் ஜென்னி லிண்ட். சிறு வயதிலிருந்தே ஸ்டொக்ஹோம் மேடையில் ஓயாமல் பாடித் தேய்ந்த குரல். பாடிக் காட்டும்போதே உடைந்தது. கார்சியா பாடம் எதுவும் கொடுக்கவில்லை. ஆறு கிழமை பாடவே கூடாது, கதைப்பதைக்கூட முடிந்தளவு குறைக்க வேண்டும், பிறகு வா என்று அனுப்பிவிட்டார். ஊரை விட்டு, காசு செலவழித்துப் பாரிஸ் வந்த பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆனால் சொன்னபடியே மௌனமாக இருந்துவிட்டு வந்தார். குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஏறத்தாழப் பத்து மாதம் படித்தார். 1847இல் லண்டனில் அவரைக் கேட்க ஜனம் அடித்துப் பிடித்தது, 1850இல் அமெரிக்காவிலும் அதே கதை. குரல் போனால் உடனே மருந்து தேடுகிற எங்களுக்கு, முதல் மருந்து வாயை மூடுவது என்று 180 வருஷத்துக்கு முன்பே அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். எங்கள் நேரசூசியில் ஆறு கிழமை மௌனத்துக்கு இடமில்லை என்பது வேறு விஷயம்.

1848இல் கார்சியா லண்டனுக்கு மாறினார். 1854இல் விடுமுறைக்குப் பாரிஸ் போயிருந்தபோது வெயில் ஏதோ கண்ணாடியில் பட்டுத் தெறிப்பதைக் கண்டாராம். நேரே மருத்துவக் கருவிக் கடைக்குப் போய்ப் பல் வைத்தியர் பாவிக்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வாங்கினார். அதைச் சுடுதண்ணீரில் சூடாக்கி (இல்லாவிட்டால் மூச்சு பட்டு மங்கிவிடும்), துடைத்து, உள்நாக்கில் முட்ட வைத்தார். மற்றக் கையில் இன்னொரு கண்ணாடி, சூரிய வெளிச்சத்தை வாய்க்குள் திருப்ப. தன் குரல்நாண் திறந்து மூடுவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். அப்போது அவருக்கு 49 வயது. அடுத்த வருஷம் லண்டன் ரோயல் சொசைட்டியில் அந்த அவதானிப்பு வாசிக்கப்பட்டது. 1857, 58இல் வியன்னாவின் டியூர்க், புடாபெஸ்டின் செர்மாக் என்ற இரண்டு வைத்தியர்கள் அதை நோயாளியிடம் பாவிக்கத் தொடங்கினார்கள். வெயில் இல்லாத நாளிலும் பார்க்க விளக்கு வெளிச்சத்தைக் கொண்டு வந்தவர் செர்மாக்.

கார்சியாவிடம் படித்த இன்னொருவர் ஜெர்மனியில் பிறந்த மத்தில்ட மார்கேசி. அவரும் பெரிய ஆசிரியையாக வந்தார். அவருடைய மாணவிதான் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த நெல்லி மெல்பா. ஹோட்டல்களில் 'பீச் மெல்பா' என்று ஐஸ்கிரீம் கொடுப்பார்களே, அந்தப் பெயர் இவருடையதுதான்.

இப்போது கடென்சாவுக்கு வருவோம். தொனிசெத்தி 1835இல் நேப்பிள்ஸில் மேடையேற்றிய 'லூசியா' ஒபேராவில், கட்டாயக் கலியாணம் செய்துவைக்கப்பட்ட பெண் புத்தி பேதலித்துப் பாடும் காட்சி ஒன்று இருக்கிறது. அதில் வாத்தியக் குழு நின்றுவிட, புல்லாங்குழலும் பெண் குரலும் மட்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும். எது குழல் எது குரல் என்று பிரிக்க முடியாது. கொலரத்தூரா என்றதும் அதிகம் பேருக்கு ஞாபகம் வருவது அந்த இடம்தான். தொனிசெத்தியின் கையெழுத்துப் பிரதியில் அது இல்லை. அந்தக் காட்சிக்கு அவர் முதலில் நினைத்த வாத்தியமே கண்ணாடிக் கிண்ணங்களால் ஆன ஆர்மோனிக்கா, பிறகுதான் புல்லாங்குழலுக்கு மாற்றினார். குழலோடு ஓடும் அந்த நீளக் கடென்சா 1889இல் பாரிஸில் மெல்பா பாடியது, அவருக்காக அதை ஆக்கிக் கொடுத்தவர் மார்கேசி என்பதே ஆய்வாளர்கள் சொல்வது. தொனிசெத்தி மௌத்தாகி அப்போது நாற்பது வருஷம் கடந்துவிட்டது. ஒரு ரீச்சர் தன் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த பயிற்சி, இன்று அந்த ஒபேராவின் அடையாளமாக நிற்கிறது. கேட்கிறவர்களில் அதிகம் பேருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

கார்சியா லண்டன் ரோயல் அகடமியில் தொண்ணூறு வயது வரை படிப்பித்தார். 1905 மார்ச் 17இல் அவருக்கு நூறு வயது. விழாவை எடுத்து நடத்தியவர்கள் தொண்டை வைத்தியர்கள். பல நாடுகளிலிருந்து அவர்களின் சங்கங்கள் வாழ்த்து மடல்களோடு வந்தன. அன்று காலை ஏழாம் எட்வேர்ட் மன்னர் அவரை மாளிகைக்கு அழைத்துப் பட்டம் கொடுத்தார். அடுத்த வருஷம் ஜூலை முதலாம் திகதி, 101 வயதில் காலமானார்.