காலம் கடந்து வந்த மன்னிப்பு



நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புப் பிழையென்று கண்டால் மேன்முறையீடு செய்ய வழியுண்டு. ஆனால், பத்திரிகையில் ஒரு விமர்சகர் வழங்கும் தீர்ப்புக்கு அத்தகைய மேல் மன்றம் எதுவும் இல்லை. காலந்தான் அவ்வழக்கை மீண்டும் விசாரிக்க வேண்டும். பிரித்தானியத் திரைப்பட வரலாற்றில் அவ்வாறு விசாரிக்கப்பட்ட வழக்கு ஒன்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மைக்கேல் பவல் பிரித்தானியா ஈன்ற சிறந்த பட நெறியாளருள் ஒருவர். எமெரிக் பிரெஸ்பேர்கருடன் இணைந்து அவர் உருவாக்கிய 'பிளாக் நார்சிஸஸ்' 1947இலும், 'த ரெட் ஷூஸ்' 1948இலும் வெளிவந்தன. வண்ணத்தையும் கற்பனையையும் அவரைப்போல் துணிந்து கையாண்டோர் அந்நாட்டில் மிகச் சிலரே.

1960ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவருடைய 'பீப்பிங் டொம்' லண்டனில் திரையிடப்பட்டது. படப்பிடிப்பு நிலையமொன்றில் கமரா உதவியாளனாகத் தொழில் புரியும் இளைஞன் ஒருவன் பெண்களைக் கொலை செய்கிறான். சாகும் வேளையில் அவர்கள் முகத்தில் தோன்றும் அச்சத்தைப் படம்பிடிக்கிறான். உளவியல் ஆய்வாளரான அவன் தந்தையோ, மகனின் இளம்பருவத்து அச்சங்களை இவ்வாறே படம்பிடித்து வந்தவர். அத்தந்தையாகப் பவலே நடித்தார். சிறுவனாக அவர் புதல்வர் தோன்றினார்.

லண்டன் விமர்சகர்கள் கொதித்தெழுந்தனர். சாக்கடையில் தள்ளத்தக்கது என்ற பொருள்பட எழுதியவரும் உண்டு. 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையில் 1939 முதல் திரை விமர்சனம் எழுதிவந்த டிலிஸ் பவல் அம்மையாரும் படத்தைக் கண்டித்தார். பெயர் ஒன்றாயினும் இருவருக்கும் உறவு இல்லை. கிரேக்க நாட்டைப் பற்றி நூல்கள் இயற்றியவர், நிதானமும் கல்வியும் உடையவர் என்று மதிக்கப்பட்டவர் அவ்வம்மையார். ஆகவே, அவருடைய கண்டனத்துக்குத் தனிப்பட்ட கனம் இருந்தது.

படம் விரைவிலேயே கொட்டகைகளிலிருந்து அகற்றப்பட்டது. பவலுக்குத் தாய்நாட்டில் வாய்ப்புகள் அருகின. 1966இலும் 1969இலும் வெளிவந்த அவருடைய படங்கள் அவுஸ்திரேலியாவில் எடுக்கப்பட்டவை.

விமர்சகர்கள் பொய் எழுதினார்கள் என்று கூறுவதற்கில்லை. அவர்கள் மனம் அருவருத்தது உண்மை. அந்த அருவருப்பையே கலையின் குறை என முடிவு கட்டியதுதான் பிழை. பிறர் துன்பத்தைத் திரையில் கண்டு களிக்கும் நாமும் அந்தக் கொலைகாரனுக்கு ஓரளவு உறவினரே என்று அப்படம் உணர்த்துகிறது. இருளில் அமர்ந்து பார்ப்பவருக்கு இது இனிய செய்தியன்று. குற்றஞ் சாட்டப்பட்டவர்களே தீர்ப்பும் எழுதினால் நடுநிலை எங்ஙனம் அமையும்?

1979ஆம் ஆண்டு, அமெரிக்க நெறியாளர் மார்ட்டின் ஸ்கோர்செசியின் முயற்சியால், நியூயோர்க் திரைப்பட விழாவில் இப்படம் மீண்டும் திரையேறியது. புதிய தலைமுறை அதை வியந்து வரவேற்றது. அந்தப் பெருமையைப் பவல் உயிருடன் இருந்து கண்டார். 1990இல் அவர் காலமானார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1994இல், தொண்ணூறு வயதைக் கடந்த டிலிஸ் பவல் அம்மையார் அதே பத்திரிகையில் அதே படத்தைப் பற்றி மீண்டும் எழுதினார். தாம் முன்பு தூற்றிய படம் உயர்ந்த கலைப்படைப்பே என ஒப்புக்கொண்டார். மறு உலகில் உரையாட இடமிருக்குமாயின், மைக்கேல் பவலைத் தேடிச்சென்று மன்னிப்புக் கேட்பது தம் கடமை என்னும் கருத்தையும் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார்.

அந்த மன்னிப்பு உரியவரின் செவிக்கு எட்டவில்லை. இழந்த ஆண்டுகளையும் எடுக்கப்படாத படங்களையும் அது மீட்டுத் தரவுமில்லை. எனினும், முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் தம் எழுத்தைத் தாமே திருத்திய அந்த நேர்மை போற்றத்தக்கது. தவறாத விமர்சகர் எங்கும் இல்லை. மறுமுறை பார்க்க மறுக்கும் விமர்சகரிடந்தான் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.