சக்ரா: அணுசக்தி நீர்மூழ்கியும் அதன் முதல் கேப்டனும்

சக்ரா, 1988 முதல் 1991 வரை இந்தியக் கடற்படையில் இருந்த ஏவுகணை நீர்மூழ்கிக் கப்பல். அணு உலையால் ஓடிய முதல் இந்தியக் கப்பல் இதுவே. சோவியத் ஒன்றியத்திடம் குத்தகைக்கு எடுத்தது. இதன் முதல் கட்டளை அதிகாரி கேப்டன் ஆர்.என். கணேஷ், பின்னாளில் வைஸ் அட்மிரல். இந்தியா சொந்தமாகக் கட்டிய அணு நீர்மூழ்கியான அரிஹந்தைப் பற்றிப் பேசுவோர் பலர் சக்ராவை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமல்ல.

இந்தியாவின் முதல் நீர்மூழ்கியான கல்வரி, 1967 டிசம்பர் 8 அன்று சோவியத் துறைமுகமான ரீகாவில் கடற்படையில் சேர்ந்தது. அது டீசலிலும் மின்கலத்திலும் ஓடும் கப்பல். மின்கலம் தீர்ந்தால் நீர்மட்டத்துக்கு அருகே வந்து, குழாயை வெளியே நீட்டிக் காற்றிழுத்து, டீசல் எந்திரத்தை ஓட்டி மின்னேற்ற வேண்டும். எதிரியின் ரேடார் கண்ணில் படுவது அந்த நேரத்தில்தான். அணு உலைக்குக் காற்றே வேண்டாம். உலையின் வெப்பம் நீரை ஆவியாக்கும். அந்த ஆவி சுழலியை ஓட்டும். கப்பல் மாதக்கணக்கில் ஆழத்திலேயே இருக்கலாம். உணவும் ஆட்களின் உடல்வலுவும்தான் எல்லை.

கல்வரி சேர்ந்த அதே 1967-இல் சோவியத் கடற்படையில் சேர்ந்த கே-43 என்ற கப்பலே பின்னர் சக்ரா ஆனது. நேட்டோ நாடுகள் அந்த வகைக்கு இட்ட பெயர் 'சார்லி'. சுமார் 95 மீட்டர் நீளம். ஒரே அணு உலை. முன்பகுதியில் எட்டு ஏவுகணைக் குழாய்கள். நீருக்குள் இருந்தபடியே கப்பல்களைத் தாக்கும் அமெதிஸ்ட் ஏவுகணையை ஏந்திய முதல் வகை இதுதான். இந்தியாவுக்கு வந்தபோது அணுகுண்டு முனைகள் தரப்படவில்லை. சாதாரண வெடிமுனைகள் மட்டுமே.

1988 ஜனவரி 5 அன்று விளாடிவோஸ்டாக்கில் இந்தியக் கொடி ஏறியது. இந்தியக் குழுவினர் அதற்கு முன்பே சோவியத் நாட்டில் தங்கி, ரஷ்ய மொழி கற்று, உலையை இயக்கவும் கதிர்வீச்சிலிருந்து காத்துக்கொள்ளவும் பயிற்சி பெற்றிருந்தார்கள். பிப்ரவரி 3 அன்று கப்பல் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தது. பிரதமர் ராஜீவ் காந்தி நேரில் வரவேற்றார். சோவியத் நிபுணர்களும் உடன் இருந்தார்கள். கற்றுக்கொள்ள வேண்டியது கப்பலோட்டுவது மட்டுமல்ல. அணுக்கப்பலை எப்படித் துறைமுகத்தில் கட்டுவது, கதிரியக்கக் கழிவை எங்கே வைப்பது, கரையிலுள்ள மக்களுக்கு ஆபத்து வராமல் எப்படிக் கண்காணிப்பது என எல்லாமே புதிது. 1991 ஜனவரியில் குத்தகை முடிந்து கப்பல் திரும்பியது.

கணேஷின் பணிவாழ்வு இங்கே முடிந்திருந்தாலும் வரலாற்றில் இடம் பெற்றிருப்பார். ஆனால் அவர் பின்னர் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்துக்கும் தலைமை ஏற்றார். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே பலம் என்ற கப்பலையும், வானும் கடலும் பார்க்க நடுவே நிற்கும் கப்பலையும் ஒரே அதிகாரி நடத்துவது அபூர்வம். அதைவிடப் பெரிய பொறுப்பு 2000-களின் தொடக்கத்தில் வந்தது. சொந்த அணு நீர்மூழ்கியைக் கட்டும் திட்டத்தின் தலைமை இயக்குநர் ஆனார். அத்திட்டத்துக்கு வெளியில் சொன்ன பெயர் 'உயர் தொழில்நுட்பக் கலம்' என்பதுதான். இரவல் கப்பலை ஓட்டியவரே சொந்தக் கப்பலைக் கட்டும் இடத்தில் அமர்ந்தார். சக்ராவின் உண்மையான பயன் இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

அந்தத் திட்டத்தின் அடித்தளம் தமிழ்நாட்டில், கல்பாக்கத்தில் இருந்தது. நீர்மூழ்கியில் பொருத்தவேண்டிய உலையின் முன்மாதிரி நிலத்தில் அமைக்கப்பட்டு, 2003 நவம்பரில் தொடர்வினையைத் தொடங்கியது. கடற்படையினர் அங்கேயே பயின்றார்கள். 2009 ஜூலை 26 அன்று அரிஹந்த் விசாகப்பட்டினத்தில் நீரில் இறங்கியது. 2013 ஆகஸ்ட் 10 அன்று அதன் உலை உயிர்பெற்றது. 2016-இல் ஆரவாரமின்றிப் படையில் சேர்ந்தது. சுமார் 750 கி.மீ. பாயும் கே-15 ஏவுகணைகள் அதில் உண்டு. எதிரியைத் தாக்கத் துணியாமல் தடுப்பதற்கான முதல் ரோந்து முடிந்த செய்தி 2018 நவம்பர் 5 அன்று அறிவிக்கப்பட்டது. இரண்டாவது கப்பல் அரிகாட், 2024 ஆகஸ்ட் 29 அன்று சேர்ந்தது.

சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் வாழும் பழவேற்காட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை தூரத்துச் செய்தி அல்ல. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று மீனவக் குப்பங்களுக்குத் தகவல் வந்துவிடும். தெற்கே காட்டுப்பள்ளியில் கடலோரக் காவற்படைக்கும் கடற்படைக்கும் கப்பல் கட்டும் தளம். இன்னும் தெற்கே, சென்னையைத் தாண்டி, கல்பாக்கம். பழவேற்காடு ஏரியில் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். முகத்துவாரம் தூர்ந்தால் படகே தட்டும். அதைத் தாண்டி விரியும் வங்கக் கடலில்தான் அரிஹந்த் 2022 அக்டோபர் 14 அன்று ஏவுகணை ஏவிக் காட்டியது.

அரிஹந்த் வகைக் கப்பல்களை நடத்துவோர் யார் என்பது பெரும்பாலும் வெளியே சொல்லப்படுவதில்லை. பாதுகாப்புக்கு அது தேவை. சக்ராவுக்கு அந்தத் தடை தளர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அதில் பணியாற்றிய மாலுமிகளும், கல்பாக்கத்தில் உலை கட்டிய தொழில்நுட்பர்களும் இப்போது ஓய்வில் இருக்கிறார்கள். சொல்லக்கூடியதை அவர்கள் தமிழில் எழுதிவைக்க வேண்டும்.