பம்பாயில் ஒரு குடியிருப்பு

பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்தவர்க்கு வேலை கிடைப்பது ஒரு பாக்கியம். வீடு கிடைப்பது மற்றொரு பாக்கியம். இன்று மும்பை என வழங்கும் பம்பாயில் இவ்விரண்டும் ஒருங்கே வாய்ப்பது என்றுமே அரிது. அதன் காரணத்தை இந்நகரின் வரலாற்றில் சற்றே தேடிப் பார்ப்போம்.

1896-ஆம் ஆண்டில் பம்பாயைப் பிளேக் நோய் பீடித்தது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்கு இடமளித்தன என்று அரசாங்கம் கருதி, 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டை நிறுவியது. அந்த டிரஸ்ட் பழைய பகுதிகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தது. வடக்கே தாதரிலும் மாதுங்காவிலும் புதிய மனைகளை வகுத்தது. அந்த மாதுங்காவில்தான், அலுவலகப் பணிக்கு வந்த தென்னாட்டுக் குடும்பங்கள் பல பின்னாளில் குடியேறின. ஆனால் இடிபட்ட வீடுகளில் இருந்த ஏழைகளுக்கோ போதிய மாற்றிடம் கிடைக்கவில்லை.

இக்குறையைப் போக்க, 1920-இல் தோன்றிய அபிவிருத்தி இலாகா தொழிலாளருக்கென 50,000 அறைகள் கட்டத் திட்டமிட்டது. வொர்லி முதலிய நான்கு இடங்களில் 207 ‘சால்’களும், அவற்றில் சுமார் 16,000 அறைகளும் எழுந்த அளவில் அம்முயற்சி நின்றது.

பின்னர் உலகப் போர் வந்தது; போர்க்காலத் தொழில்கள் பெருகின. 1947-இல் பிரிவினையால் வீடிழந்த அகதிகளும் வந்து சேர்ந்தனர். 1941-இல் சுமார் 15 லட்சமாக இருந்த நகர ஜனத்தொகை, 1951-இல் 23 லட்சத்தைத் தாண்டியது. இந்நெருக்கடியில் குடியிருப்போரைக் காக்க 1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பிறந்தது. அது பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் முதல் தேதி நிலையில் நிறுத்தியது.

அச்சட்டம் எத்தனையோ எளிய குடும்பங்களைத் தெருவில் நிற்காமல் காத்தது என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும் அதற்கு மறுபுறமும் உண்டு. வருவாய் உயராத வீட்டுக்காரர் கட்டடத்தைப் பழுது பார்க்கவில்லை. வாடகைக்கு விடப் புதிதாகக் கட்டுவோரும் அருகினர். புதிதாய் வந்தவர் ‘பகடி’ என்னும் பெருந்தொகையைக் கொடுத்தே உள்ளே நுழைய முடிந்தது. தந்தைக்குக் கிடைத்த பாதுகாப்பே மகனுக்குத் தாழிட்ட கதவாயிற்று. 1999-ஆம் ஆண்டின் புதிய சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வை அனுமதித்தது, பகடியையும் ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையே 1982-இன் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் மில்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. அவை நின்ற நிலத்தில் மாளிகைகளும் கடை வளாகங்களும் எழுந்தன. 1981-க்கும் 2011-க்கும் இடையே தீவு நகரின் ஜனத்தொகை சுமார் 33 லட்சத்திலிருந்து 31 லட்சமாகக் குறைந்தது. புறநகரிலோ 50 லட்சத்திலிருந்து 94 லட்சமாக உயர்ந்தது. நம் இளைஞர் பலர் டோம்பிவிலியிலும் கல்யாணிலும் குடியிருந்து, தினமும் ரயிலில் வந்து போவதன் காரணம் இதுவே.

சட்டம் இருப்பவரைக் காக்கும். வருபவருக்கு வீடு கட்டித் தராது. இதனை அன்றே உணர்ந்தோரும் உண்டு. கன்னட நாட்டுக் கரையிலிருந்து வந்த சாரஸ்வதர்கள் 1915-இல் காம்தேவியில் கூட்டுறவு வீட்டுச் சங்கம் அமைத்து, தம்மவர்க்கு வீடுகளை எழுப்பினர். விழாவுக்கும் கலைக்கும் ஒன்று கூடும் நாம், அடுத்த தலைமுறையின் கூரைக்காகவும் ஒன்று கூடலாகாதோ?