குரக்கன் எடுத்த மிச்சம்: யாழ்ப்பாணத் தானியப் பயிர்களும் பசளையும்

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் புகையிலை வெட்டியதும் அதே நிலத்தில் குரக்கன் நடுவது பழைய வழக்கம். ஆட்டுப்பட்டி அடைப்பதும், மாட்டெரு பரப்புவதும், பூவரசங்குழை தாழ்ப்பதும், வேலியில் உக்கிய பனையோலையைக் கொண்டுவந்து புதைப்பதும் காசு தரும் புகையிலைக்காகவே. குரக்கனுக்கென்று தனியாக எரு வைப்பவர் அரிது. மண்ணில் எஞ்சியதை எடுத்தே அது விளைந்தது. கூழாகவும் பிட்டாகவும் வீட்டுக்கு வந்தது. குடாநாட்டில் தானியத்துக்கும் பசளைக்கும் இருந்த உறவை ஆராய இந்த வழக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் மண்ணில் இருக்கிறது. சுண்ணக்கல்லின் மேல் மெல்லிதாகப் படிந்த செம்மண் மழைநீரைத் தேக்கிவைக்காது. எருவிலோ யூரியாவிலோ இருக்கும் நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. மண்துகளில் ஒட்டாத அது நீரோடு இறங்கி, கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்று நீரை அடைகிறது. குரக்கனின் அடர்ந்த நார்வேர், இறங்கிப்போகும் நைத்திரேற்றில் ஒரு பங்கை இடைவழியில் பிடித்துத் தண்டிலும் மணியிலும் சேர்த்தது. வற்றாத ஆறு இல்லாத, கிணறே கதியான ஒரு நிலத்தில் இது சிறிய உதவியல்ல.

நெல்லின் கதை வேறு. காலபோகத்துக்குப் புழுதியில் விதைத்து வடகீழ்ப் பருவமழையை நம்பியிருந்த வயல்களில் மொட்டைக்கறுப்பன் போன்ற உயரமான இனங்கள் வளர்ந்தன. நைதரசன் கூடினால் அவை சாய்ந்துவிடும். அறுவடைக்குப் பின் சணல் விதைப்பார்கள். அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குத் தந்தன. குறைந்த ஊட்டத்தில் நிதானமான விளைச்சல் என்பதே அன்றைய கணக்கு.

இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் 1843 முதல் கோதுமையில் செய்யப்பட்டுவரும் பரிசோதனைகள் செயற்கைப் பசளையின் பலனைக் காட்டிவிட்டன. ஆனால் அந்தப் பலனை ஏற்கக்கூடிய நெல்லினம் இலங்கையில் உருவாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எச்-4 இனம் 1958 இல் வெளிவந்தது. 1962 இல் பசளை மானியம் வந்தது. 1970 அளவில் வந்த பிஜி இனங்கள் குட்டையானவை. அதிக நைதரசனைத் தாங்கிச் சாயாமல் நின்றன.

ஒரு தொன் நெல் விளைய, பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ நைதரசனை எடுக்கிறது. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. கணக்கு எளிதாகத் தெரிந்தாலும் இட்டதில் பாதியைக்கூட நெல் பெரும்பாலும் எடுப்பதில்லை. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணின் மேற்பரப்பில் தூவிய யூரியா அமோனியாவாகக் காற்றில் கலக்கிறது. பொசுபரசைக் கல்சியம் இறுக்கிக்கொள்கிறது; நாகமும் வேருக்கு எளிதில் எட்டுவதில்லை. மேற்கட்டுப் பசளையைப் பிரித்து, மண் ஈரமாக இருக்கும்போது இடச் சொல்வது இதனாலேயே.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவியது. வெங்காயமும் மிளகாயும் தோட்டங்களை நிறைத்தன; குரக்கன் பின்வாங்கியது. மூட்டைப் பசளையும் அவற்றோடு பெருகியது. வெங்காயத்தின் வேர் மேலோட்டமானது. கீழே நழுவும் நைத்திரேற்றை அதனால் எட்டிப் பிடிக்க முடியாது. 1980களிலிருந்து வந்த ஆய்வுகள் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய நைத்திரேற்றைக் கண்டன. மலக்குழிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் குரக்கன் பின்வாங்கியதைத் தனியொரு காரணமாக எடுத்து ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன்.

பசளை இரு முறை தடைப்பட்டது. போர்க்காலத்தில், 1990 இல் வடக்கின் மீது தொடங்கிய பொருளாதாரத் தடையில், வெடிபொருள் செய்ய உதவும் என்று யூரியா நிறுத்தப்பட்டது. கமக்காரர் எருவையும் குழையையும் மீண்டும் நம்பினர். 2021 மே மாதத்தில் வந்த செயற்கைப் பசளை இறக்குமதித் தடை நவம்பரில் நீக்கப்பட்டபோது காலபோகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. குட்டை நெல்லினம் மூட்டைப் பசளையை நம்பி உருவாக்கப்பட்டது. ஒரே போகத்தில் சேதனப் பசளையால் அதன் பசியை ஆற்ற முடியவில்லை.

இன்று தேவைப்படுவது ஒரு நேரடி அளவீடு. வெங்காயம் கிண்டிய நிலத்தில் ஒரு பாதியில் பசளையிடாமல் குரக்கன் நட்டு, மறு பாதியைத் தரிசாக விட்டு, மாரி முடியும்வரை இரண்டின் கீழும் இறங்கும் நீரின் நைத்திரேற்றை அளக்க வேண்டும்.