ஏடு பெயர்த்தெழுதலும் தேர்வறைக் காவலும்

தேர்வில் பிறர் விடையைப் பார்த்தெழுதுதலை மாணவர் 'காப்பி அடித்தல்' என்பர். அதற்குக் கொண்டுவரும் துண்டுத்தாளைப் 'பிட்' என்பர். இரண்டும் ஆங்கிலத்தின் வழி வந்தவை. சொல் இரவலாதல், செயலும் பிற்காலத்தது என்பதற்கு ஒரு குறிப்பாம்.

பண்டு பிறர் ஏட்டைப் பார்த்தெழுதுதல் குற்றமன்று, தொண்டு. ஓலை சிதையும் இயல்பினது. தலைமுறைதோறும் ஏடு பெயர்த்தெழுதினோர் இலரேல் சங்க நூல்கள் நம் கைக்கு எட்டியிரா. அவருட் சிலர் ஏட்டிறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் பொறித்தனர். மறைத்தற்குரிய செயலாயின் பெயர் பொறிப்பரோ?

கல்வியை அளந்த முறையும் வேறு. ஸ்ரீமுஷ்ணம் எனப்படும் திருமுட்டம் அடங்கிய தென்னார்க்காட்டில், மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பு 875 பள்ளிகளைக் காட்டுகிறது. திண்ணைப்பள்ளி மாணவன் எண்சுவடியையும் நிகண்டையும் மனனம் செய்து, சட்டாம்பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ ஒப்பித்தல் வேண்டும். சொல்பவன் வாயும் கேட்பவர் செவியும் எதிரெதிர் நிற்ப, அண்டை மாணவனின் ஓலை அவனுக்கு உதவாது. பொருளறியாது ஒப்பித்தோரும் பலராதலின், அம்முறையை முற்றும் போற்றுதல் எம் கருத்தன்று. புலவரவையிலும் இந்நெறியே நிலவியது. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன் விளக்கப்பட்டதெனப் பாயிரம் கூறும்.

நன்னூலார் பாடஞ்சொல்லத் தகாதோருள் கள்வனையும் படிறனையும் வைத்தார். இதனைத் தேர்வுக் களவுக்கு மேற்கோளாக்குதல் பொருந்தாது. அவர் கூறுவது பாடத்திற்கு முன் நிகழும் தெரிவு. தேர்வோ பாடத்திற்குப் பின்னது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் எழுத்துத் தேர்வு வேரூன்றியது. அனைவர்க்கும் ஒரே வினாத்தாள், பேச்சற்ற அறை, எழுதினவரைக் காணாத திருத்துநர், காவல் இன்றியமையாததாயிற்று. சீனர் இதனை முன்பே உணர்ந்திருந்தனர். சாங் மரபினர் காலத்தில் (960–1279) தேர்வு எழுதினோர் பெயரை மறைத்ததோடு, கையெழுத்தும் தெரியாவண்ணம் எழுத்தரைக் கொண்டு விடைகளைப் படியெடுப்பித்தனர். களவைத் தடுக்கவும் பார்த்தெழுதுவோரே வேண்டியிருந்தமை காண்க!

நடுவணரசின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் தன் பட்டியலிலுள்ள பொதுத் தேர்வுகளின் முறைகேடுகளையே தண்டிக்கும். திருமுட்டத்துப் பள்ளியொன்றின் வகுப்புத் தேர்வு அதன் எல்லைக்குப் புறம்பு; ஆண்டு ஆசிரியரே காவலர். இருக்கை மாற்றுதலும் புத்தகப்பையை வெளியே வைப்பித்தலும் மாணவன் கையையும் கண்ணையும் காக்கும். விடை அவனுடையதா என்பதனை அறிவியா. ஆயின் வினா எடுத்தவரும் திருத்துபவரும் அவரே; மாணவனையும் முகமறிவார். ஐயத்திற்குரிய விடைத்தாளை மூடிவைத்து, அதில் எழுதியதனையே இரண்டு வினாக்களால் வாய்மொழியாகக் கேட்டறிதல் அவர்க்கு இயலும். பல்கலைக்கழகத் தாள் திருத்துவோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.